வள அறைக்கு ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன்

வழக்கமாக அந்தப் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகிற ஆள் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். அதனால்தான் காண்ட்ராக்டர் அன்று காலையில் வயர்மேனைக் கூப்பிட்டு வேலைச் சீட்டை நீட்டினார்.

“நாளைக்கு அங்க இன்ஸ்பெக்‌ஷனாம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் கொடுத்துரு. அந்தத் தலைமை டீச்சர் நேத்துலேர்ந்து போன் போட்டு என் உயிரை வாங்குறாங்க.”

சீட்டின் தலையில் பள்ளியின் பெயரைப் பார்த்ததும் வயர்மேனுக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கியது. அவன் மகள் படிக்கிற பள்ளி அது. காண்ட்ராக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால், ‘அப்போ மக மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நிப்ப, வேலை நடந்தாப்லதான்’ என்று கிண்டலடிப்பார். வீட்டுக்கு ஒரு நடை போய், தேய்த்து வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மகளுக்கு ஒன்பது வயது. பிறந்தபோது வெகுநேரம் அழாமல் கிடந்த பிள்ளை. வலது கை மடங்கியே நின்றுவிட்டது. கால் இரண்டும் விறைப்பு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பாள். பேச்சு இழுத்து இழுத்து வரும். வெளியாட்கள் காதில் அது வெறும் சத்தமாகத்தான் விழும். ஆனாலும் வீட்டில் வாய் ஓயாது. அதனால் மைனா என்று பெயர். அவள் பேச்சு முழுசாகப் புரிந்தவர்கள் உலகத்தில் தானும் தன் மனைவியும் மட்டும்தான் என்று வயர்மேன் நினைத்திருந்தான்.

இதற்கு முன் இரண்டு பள்ளிகள் கையை விரித்தன. ஒன்றில் மாடிப்படி என்றார்கள். இன்னொன்றில், மற்ற பெற்றோர் சங்கடப்படுவார்கள் என்றார்கள். அங்கே வயர்மேன் மேசையைத் தட்டிக் கத்திவிட்டு வந்தான். அத்தோடு அந்தக் கதவும் மூடிக்கொண்டது. மூன்றாவதாகக் கிடைத்தது இந்தப் பள்ளி. வாசலில் ‘எல்லாக் குழந்தைகளும் ஒன்றாய்ப் படிக்கும் இடம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். மூன்றாம் வகுப்பு பி பிரிவு. காலையில் மனைவி வேலைக்குப் போகிற வழியில் மைனாவைக் கேட்டில் ஆயாவிடம் ஒப்படைப்பாள். மாலையில் வயர்மேன் அதே கேட்டில் வாங்கிக்கொள்வான். பெற்றோர் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது பள்ளியின் விதி.

“இன்னிக்கு என்னடா பண்ணின?” என்று வண்டியில் கேட்பான்.

“படிச்சேன்.”

அவ்வளவுதான் பதில். ஐந்தாறு மாதமாக மைனாவின் வாய் குறைந்துபோயிருந்தது. வீட்டிலும் கேட்டால்தான் பேசினாள். வயர்மேன் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டான். “பள்ளிக்கூடம் போனதும் பொறுப்பு வந்துருச்சு பாரு,” என்று மனைவியிடம் சொல்லுவான். அவள் தலை நிமிராமல் துணி மடிப்பாள்.

இன்று முதல் தடவையாகக் கேட்டைத் தாண்டி உள்ளே போனான்.

மெயின் போர்டு நுழைவாயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்து பார்த்தால் பாதி வயர் கருகிக் கிடந்தது. பியூனிடம் சொல்லிவிட்டு, சரியாகப் பத்து மணிக்கு மெயினை இறக்கினான். ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. புழுக்கத்தில் உட்கார முடியாது என்று பியூன் மணியடிக்க, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் மைதானத்து மர நிழலுக்கு ஓடின. மொத்தம் நானூறு பிள்ளைகளாவது இருக்கும். திருவிழாக் கூட்டம் மாதிரி ஒரே இரைச்சல்.

கருகின வயரை உருவிப் புது வயர் இழுப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தண்ணீர் குடிக்க நிமிர்ந்தவன், மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மைதானத்துக்கு நடந்தான். மூன்றாம் வகுப்பு பி பிரிவு எது என்று விசாரித்துக்கொண்டு போய் நின்றான். நாற்பது தலைகளையும் எண்ணாத குறையாகப் பார்த்தான். மைனா இல்லை.

“மைனா எங்கடா கண்ணு? உங்க கிளாஸ்தானே?”

பையன் ஒருவன் உதட்டைப் பிதுக்கினான். “எங்க கிளாஸ்ல அப்படி யாரும் இல்ல அங்கிள்.”

“வாக்கர் வச்சு நடப்பாளே. பேசினா இழுத்து இழுத்துப் பேசுவாளே.”

“ஓ, ரூம் பாப்பாவா!” என்றாள் ஒரு சிறுமி. “அவ எங்க கிளாஸ் இல்ல. அவ ரூம்ல இருப்பா.”

வயர்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சட்டென்று சட்டைப்பையிலிருந்த வேலைச் சீட்டு ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தான். கடைசி வரியில் இருந்தது: ‘வள அறை – ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன்.’ அப்பாடா என்று மூச்சு விட்டான். இவளைப் போன்ற பிள்ளைகளுக்குத் தனி அறை, தனி டீச்சர், விளையாட்டுச் சாமான் எல்லாம் வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தான். அங்கேதான் இருப்பாள். எப்படியும் அந்த அறையை அவன் பார்த்துத்தானே ஆகவேண்டும்? பியூனைக் கேட்டான்.

“நேராப் போய் கடைசி. கக்கூஸ் தாண்டி, மாடிப்படிக்கு அடியில,” என்றார் பியூன். 

நடையில் போகப் போக வெளிச்சம் குறைந்தது. டார்ச்சைப் போட்டான். மாடிப்படிக்கு அடியில் ஒரு கதவு. கதவோரத்தில் இரண்டு குடையும் ஈரத் துடைப்பமும் எதன் மேலோ தொங்கிக்கொண்டிருந்தன. டார்ச் அதன் மேல் விழுந்தது. அலுமினியக் கம்பி. கைப்பிடி இரண்டிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப். மகள் கை வழுக்கக் கூடாது என்று அவனே உட்கார்ந்து சுற்றிய டேப்.

வாக்கர் வெளியே நிற்கிறது. கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருக்கிறது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாழ்ப்பாளை இழுத்தான். இரண்டு தடவை வழுக்கி மூன்றாவது தடவைதான் திறந்தது.

உள்ளே ஜன்னல் இல்லை. அணைந்து தொங்கும் ஒரு குண்டு பல்பு மட்டும். பழைய பெஞ்சு, உடைந்த நாற்காலி, கட்டுக் கட்டாகப் பாடப்புத்தகம், சுருட்டி வைத்த பாய். வெக்கை முகத்தில் அறைந்தது. டார்ச் வெளிச்சத்தின் நடுவில் ஒரு பெண் நாற்காலிக் காலை ஓங்கிக்கொண்டு நின்றாள். பதின்மூன்று வயதிருக்கும்.

“யாருய்யா நீ? கிட்ட வந்த, மண்டையைப் பொளந்துருவேன்!”

அவளுக்குப் பின்னால், பாயின் மேல் சுவரில் சாய்ந்து, வேர்த்து நனைந்து மைனா உட்கார்ந்திருந்தாள். அப்பனை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்த நொடியே சரியாக இருக்கிற இடது கையைத் தூக்கி, விரலை உதட்டில் வைத்தாள்.

“சத்தம் போடாதப்பா,” என்று கிசுகிசுத்தாள். “வீட்டுக்குப் போற பெல் இன்னும் அடிக்கல. பெல் அடிச்சாத்தான் பேசணும்.”

வயர்மேன் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். 

“இவ அப்பாவா நீங்க?” என்று அந்தப் பெண் நாற்காலிக் காலைக் கீழே போட்டாள். கோபம் மட்டும் குறையவில்லை. “லைட்டை அணைச்சது எந்த மடையன்? ஒரே இருட்டு. இவ நடுங்கிப்போயிட்டா. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிருச்சு எனக்கு. ஒருத்தர் வரல.”

“நான்தாம்மா,” என்றான் வயர்மேன். “நான்தான் அணைச்சேன்.”

பத்து மணிக்கு இறக்கினான். இப்போது பதினொன்றே கால். வெளியே நானூறு பிள்ளைகள் நிழலில் ஆடிக்கொண்டிருக்க, தன் கையாலேயே பெற்ற மகளை இருட்டில் போட்டிருக்கிறான்.  எழுந்து போய் மைனாவை வாரித் தூக்கினான். அவள் மடியிலிருந்து ஒரு புத்தகம் விழுந்தது. ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகம்.

“பாதிக் கதையில கரண்ட் போயிருச்சு,” என்றாள் அந்தப் பெண்.

“நீ படிச்சுக் காட்டினியா?”

“எனக்கு எங்க படிக்க வருது? இவதான் படிப்பா. நான் பக்கம் திருப்புவேன். இவளுக்குக் கை வராதில்ல.”

“அவ பேசுறது உனக்குப் புரியுதா?”

“ஏன் புரியாம? எனக்கென்ன காது செவிடா?”

அவளைப் பள்ளியில் சண்டைக்கோழி என்பார்கள். காப்பகத்திலிருந்து வருகிற பெண். அப்பன் அம்மா இல்லை. வந்த இரண்டாம் வாரமே, தன்னைத் திருடி என்று சொன்னவளின் பல்லை உடைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கும் இதே அறை. மைனாவும் அவளும் இங்கே உட்கார ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. டீச்சர் வருவாரா என்று கேட்டதற்கு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை யாரோ வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார் என்றாள்.

அதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. தலைமை ஆசிரியை வேகமாக வந்துகொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, அந்த ரூமை யார் உங்களைத் திறக்கச் சொன்னா? அது ஸ்டோர் ரூம்!”

“எம் பொண்ணு என்ன, ஸ்டாக்குங்களா மேடம்?”

தலைமை ஆசிரியை முகத்தில் ஈயாடவில்லை. அவன் தோளில் கிடந்த குழந்தையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

“முதல்ல நீங்க பதட்டப்படாதீங்க. ஒரு கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க. ஒரே டீச்சர். இவ சத்தம் போட்டா மத்தவங்க கவனம் போகுது. பேரண்ட்ஸ் புகார் பண்றாங்க. நாங்க சும்மா ஒண்ணும் பண்ணல. உங்க சம்மதத்தோடதான் மாத்தினோம்.”

“என் சம்மதமா?”

அலுவலக அறையில் ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். ‘மாணவிக்குப் படிக்கத் தெரியாது. மதிப்பீடு செய்ய இயலவில்லை. தனி அறையில் வைக்க முழுச் சம்மதம்.’ கீழே கையெழுத்து. அவன் மனைவியின் கையெழுத்து.

வயர்மேன் பேயறைந்த மாதிரி நின்றான்.  வெளியே வந்தான். மைனாவை மரத்தடி நாற்காலியில் உட்காரவைத்து, சண்டைக்கோழியைப் பக்கத்தில் இருக்கச் சொன்னான். மெயின் போர்டு வேலையை முடித்தான். நானூறு பிள்ளைகளைப் புழுக்கத்தில் விட மனசு வரவில்லை. முடித்ததும் ஸ்க்ரூடிரைவரோடு அந்த மாடிப்படி அறைக்குப் போய், வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். காண்ட்ராக்டருக்குப் போன் போட்டான்.

“எல்லாம் முடிஞ்சுதுண்ணே. கடைசி வரி மட்டும் நான் பண்ண மாட்டேன்.”

“ஒரு டியூப் லைட்டு ஒரு ஃபேன்தானேடா! அதுல என்ன?”

“அதை மாட்டிட்டா நாளைக்கு அது கிளாஸ் ரூம் ஆயிரும்ண்ணே.”

காண்ட்ராக்டர் கத்தினார். அவன் போனை வைத்துவிட்டான்.

மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. பின்கட்டில் ஆவி பறக்கும் அறை. அவள் படுக்கை விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்திருந்தாள். மதிய நேரத்தில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் முனைகள் கையிலிருந்து நழுவின.

“எந்த ரூம்னு உனக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான்.

அவள் கீழே கிடந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“தனியா கவனிப்போம்னு சொன்னாங்க. கையெழுத்துப் போடலேன்னா வேற இடம் பாத்துக்கங்கன்னாங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க போய்க் கத்துவீங்க. போன தடவை மாதிரி இதுவும் போயிரும். அதான் சொல்லல.”

“ஒரு தடவை உள்ள போய்ப் பாத்திருக்கலாமே.”

“பாக்கலை.” ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். “பாத்தா கேக்க வேண்டி வரும்னுதாங்க பாக்கலை.”

அவனுக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கீழே கிடந்த விரிப்பின் ஒரு முனையை எடுத்தான். இருவருமாக அதை மடித்தார்கள்.

அன்று மாலை வீட்டில் மகளை எதிரில் உட்காரவைத்துக் கேட்டான். “அப்பாகிட்ட ஏன்டா சொல்லல?”

மைனா யோசித்தாள். “நீ என்ன பண்ணினன்னு கேட்ட. படிச்சேன்னு சொன்னேன். நெசமாத்தான் படிச்சேன். எங்க உக்காந்தன்னு நீ கேக்கவே இல்லியேப்பா.”

அதற்குப் பிறகு அவனால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை மூன்று பேருமாகப் பள்ளிக்குப் போனார்கள். மைனாவை வழக்கம்போல் கேட்டில் ஆயா வாங்கிக்கொண்டு போனாள். கேட்டில் தடுத்த காவலாளியிடம், “நேத்து வேலை பண்ணின வயர்மேன், செக் பண்ண வந்திருக்கேன்,” என்றான். அது பொய்யுமில்லை. மூன்றாம் வகுப்பு பி பிரிவில் முதல் பெஞ்சில் மைனா உட்கார்ந்திருந்தாள். அவன் ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் அவளை அங்கேதான் வைப்பார்களாம். சண்டைக்கோழியையும் கடைசி பெஞ்சில் தலை சீவி உட்காரவைத்திருந்தார்கள். பின்னலை யாரோ அவளுக்குப் பிடிக்காத மாதிரி இறுக்கிவிட்டிருந்தார்கள்.

வந்த அதிகாரி தடித்த கண்ணாடி போட்ட அம்மாள். காலையிலேயே அலுத்துப்போன முகம். வருகைப் பதிவேட்டைப் புரட்டி, “நூறு சதவீதம், நல்லது,” என்று அடுத்த பக்கம் போகப்போனார். வயர்மேன் உள்ளே நுழைந்து தாழ்ப்பாளை மேசை மேல் வைத்தான்.

“இது எந்தக் கதவுல, எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேளுங்கம்மா.”

சத்தம் போடக் கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தான். சத்தம் போடவில்லை. நடந்ததைச் சொன்னான். தலைமை ஆசிரியை இடைமறித்து, கோப்பை நீட்டினார். குழந்தைக்குப் படிப்பு ஏறாது, பெற்றோர் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்றார்.

“அவ படிப்பா,” என்றாள் கடைசி பெஞ்சிலிருந்து சண்டைக்கோழி. “புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்க.”

அதிகாரி தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அந்தப் பள்ளியில் யாரும் பார்த்திராதது. நடுவில் ஒரு பக்கத்தை மைனாவின் முன்னால் விரித்தார். மைனா படித்தாள். இழுத்து இழுத்து, எச்சில் வழிய, கழுத்து நரம்பு புடைக்கப் படித்தாள். அதிகாரிக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. முகத்தில் இரக்கம் வந்துவிட்டது.  அந்த இரக்கத்தை வயர்மேன் எத்தனையோ முகத்தில் பார்த்தவன். தானே எடுத்துச் சொல்லலாம். ஆனால் பெற்ற அப்பன் சொன்னால் யார் நம்புவார்கள்?

சண்டைக்கோழி எழுந்து வந்தாள். புத்தகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மைனா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். கப்பலைப் பற்றி, கலங்கரை விளக்கைப் பற்றி, புயலில் திசை மாறிப்போன மாலுமியைப் பற்றி. அதிகாரி விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு சொல் பிசகலை,” என்றார்.

“அந்தப் பொண்ணு முன்னாடியே மனப்பாடம் பண்ணியிருப்பா மேடம்,” என்றார் தலைமை ஆசிரியை. “ரொம்பக் கெட்டிக்காரி.”

அதிகாரி மேசையிலிருந்த இன்னொரு கோப்பைத் திறந்தார். சண்டைக்கோழியின் கோப்பு. உரக்கப் படித்தார்: “‘எழுதப் படிக்கத் தெரியாதவள். எழுத்துகளை அடையாளம் காண இயலாது.’ கையெழுத்து உங்களோடதுதானே? புத்தகம் என் பைக்குள்ள இருந்தது. படிக்கத் தெரியாத பொண்ணு எதை மேடம் மனப்பாடம் பண்ணினா?”

 வகுப்பு ஆசிரியை, இளவயதுப் பெண், கரும்பலகைப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்து மாதமாக நாள்தோறும் மைனாவுக்கு ‘வருகை’ போட்டது அவர் கைதான். “எனக்குத் தெரியாது… அவளுக்குப் படிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியாது,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரி எழுந்து அந்த மாடிப்படி அறையைப் பார்க்கப் போனார். திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று. வந்தவர் வருகைப் பதிவேட்டையும் இரண்டு கோப்புகளையும் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். 

விசாரணை நடந்தது. தலைமை ஆசிரியை வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்; அங்கே எந்த அறையைப் பூட்டுகிறாரோ என்று வயர்மேனின் மனைவி அடிக்கடி சொல்லுவாள். அவள் தினமும் மதிய இடைவேளையில் வந்து வகுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். யாரும் தடுப்பதில்லை. காண்ட்ராக்டர் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு ஆள் கிடைக்காமல் கூப்பிட்டார்.

சண்டைக்கோழிக்கு வழி அவ்வளவு சுலபமாக அமையவில்லை. மூன்றாம் வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். பொடிசுகளோடு உட்கார மாட்டேன் என்றாள். ஏழாம் வகுப்பில் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றார்கள். வயர்மேன் அலைந்து திரிந்து, படிப்பை விட்ட பிள்ளைகளுக்கென்று பஸ் டிப்போவுக்குப் பின்னால் நடக்கிற ஒரு மையத்தைக் கண்டுபிடித்தான். அங்கிருந்து இரண்டு தடவை ஓடிப்போனாள். மூன்றாவது தடவை அவனே கூட்டிக்கொண்டு போய் விட்டான். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். ஒரு சொல் தடுக்கினால் புத்தகத்தைத் தூக்கி எறிகிறாள். இதுவரை யார் பல்லும் உடையவில்லை. சனிக்கிழமைதோறும் மைனாவைப் பார்க்க வருகிறாள்.

மைனாவின் பேச்சு வகுப்பு ஆசிரியைக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆனது. தினமும் பள்ளி விட்டதும் அரை மணி நேரம் அவள் எதிரில் உட்கார்ந்து கேட்பாராம். ஒருநாள் மாலை கேட்டில் வயர்மேனைப் பார்த்ததும் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“இன்னிக்கு ஒரு முழு வாக்கியம் புரிஞ்சுதுங்க! நானே, யாரும் சொல்லிக் கொடுக்காம!”

“என்ன சொன்னா டீச்சர்?”

ஆசிரியை முகம் சிவந்தது. “‘டீச்சர், தள்ளி நில்லுங்க, போர்டு மறைக்குது’ன்னா.”